எண்ணெய் இடும் இடமும் இடாத இடமும்

பதுளைக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலாகும். மழைக்காலத்தில் மலையேற்றத்தில் சக்கரம் வழுக்குமாயின், சாரதி தண்டவாளத்தின்மீது மணலைத் தூவச் செய்வார். ஆனால், அதே சக்கரத்தின் அச்சுக்கு எண்ணெய் இன்றியமையாதது. சுழலும் இடத்திற்கு வழவழப்பு. பற்றும் இடத்திற்குச் சொரசொரப்பு. இயந்திரம் எதுவாயினும் இவ்விதி பொதுவானது.

ஊவாத் தோட்டங்களின் பழைய பங்களாக்கள் சில, இன்று பயணிகள் தங்கும் விடுதிகளாகியுள்ளன. அங்கே கம்பளங்களைத் துப்புரவு செய்யப் பயன்படும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தில், மின்வடம் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் அமைப்பு ஒன்றுண்டு. வடம் உள்ளே செல்ல மறுத்தால், பணியாளர் எண்ணெய்ச் சீசாவையே முதலில் நாடுகின்றார். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

இயந்திரத்தினுள் வடம் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கும். கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற தட்டையான சுருள்வில் ஒன்று அவ்வுருளையோடு பிணைக்கப்பட்டுள்ளது. வடத்தை வெளியே இழுக்கும்போது வில் முறுக்கேறுகின்றது. அம்முறுக்கே பின்னர் வடத்தை உள்ளிழுக்கின்றது. இடையில் வடம் ஓடிவிடாதபடி ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம் உருளையைப் பற்றி நிறுத்துகின்றது. உருளை சுழலும்போதும் மின்சாரம் அறுபடாதிருக்க, உலோக வளையங்களும் அவற்றை உரசி நிற்கும் தகடுகளும் உள்ளன.

ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடி தளரும். உலோக வளையங்களில் பட்டால் தூசி படிந்து மின்தொடர்பு கெடும். தேங்காயெண்ணெயோ நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பெரும்பாலும் வடத்தைத் துடைத்தலே போதுமானது. முதலில் செருகியை மின்சாரத்திலிருந்து கழற்றுதல் வேண்டும். பின்னர் வடத்தைச் சிவப்புக் குறி தோன்றும்வரை மெல்ல இழுத்து, முறுக்கை நீக்கி, நன்கு பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தல் வேண்டும். ஊவாவின் வறட்சிக் காலத்துக் காற்று புழுதியைக் கொணரும். வடகீழ்ப் பருவ மழையோ ஈரத்தைக் கொணரும். ஆதலின் ஈர வடத்தை உள்ளே செலுத்துதல் ஆகாது. உள்ளே செல்லும்போது செருகியைக் கையிற் பிடித்திருத்தல் நன்று. இல்லையேல் அது சாட்டைபோல் வீசிக் காலைத் தாக்கும்.

வடத்தின் மேலுறை வெடித்திருந்தால் ஒட்டுநாடா சுற்றி ஒப்பேற்றலாகாது. அதனுள் ஓடுவது 230 வோல்ட்டு மின்சாரம். வடத்தை மாற்றுவதே முறை.

துடைத்தபின்னும் வடம் செல்லாவிடின், மூடியைத் திறத்தல் வீட்டுப் பணியாளரின் வேலையன்று. முறுக்கேறிய வில் துள்ளி எழுந்து கையைக் கிழித்துவிடும். பழுதுபார்ப்போர் வில்லின் முறுக்கை அடக்கிய பின்னரே அச்சினை அணுகுவர். பிளாஸ்திக்குக்குத் தீங்கு செய்யாத கிரீஸை மிகச் சிறிதளவே தடவுவர்.

வடம் சிக்கினால் பழி பெரும்பாலும் துப்புரவு செய்தவர்மீதே விழுகின்றது. பழிக்கு அஞ்சி அவர் இரகசியமாக மூடியைத் திறக்க முற்படுவதே பேரிடர். பழுதினை அச்சமின்றி எடுத்துரைக்க அவருக்கு இடமளித்தல் விடுதி நடத்துவோரின் கடமையாகும். இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம்; விரலை வாங்குதல் இயலாது.