வீட்டில் சொன்ன பிறகு



2018-இல் நம் அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகள் சிலரைத் தவறான வழிக்கு அழைத்த பேராசிரியையின் போன் பேச்சை எல்லோரும் கேட்டோம். அந்தப் பிள்ளைகள் மறுத்தார்கள், துணிந்து வெளியே சொன்னார்கள். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அந்தப் பேராசிரியைக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. நடுவில் போன ஆறு வருஷமும் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நாம் யோசித்தோமா?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள் எடுத்தவுடன் போலீஸுக்கு ஓடுவதில்லை. அம்மாவிடம், அக்காவிடம், கட்டிய புருஷனிடம் வந்து நிற்கிறாள். "நீ எதுக்குடி அங்க போன?" என்ற ஒரு கேள்வி போதும், அப்புறம் அந்த வீட்டில் அவள் வாய் திறக்க மாட்டாள். மில் வேனில் போய்ச் சம்பாதித்த பிள்ளையை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்துகிறோம். அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். அவனிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்குகிறோம். கெடுத்தவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான். அவன் சொந்தக்காரனாக இருந்துவிட்டால், அவன் வழக்கம்போல விசேஷத்துக்கு வந்து பந்தியில் உட்காருகிறான். மகளை அறைக்குள் இருக்கச் சொல்கிறோம்!

அப்பாமாரே, அண்ணன்மாரே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் அரிவாளைத் தேடினால், "நான் சொன்னதால்தானே குடும்பம் சீரழியுது" என்று அந்தப் பழியையும் அவளே சுமக்கிறாள்.

பொள்ளாச்சியைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வீட்டில் சொன்னாள். அண்ணன் கூடவே நின்றான். புகார் கொடுத்ததற்காக அடியும் வாங்கினான். ரகசியம் காக்க வேண்டிய போலீஸ் அதிகாரியே அவள் அடையாளத்தை வெளியிட்டார். அத்தனைக்குப் பிறகும் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13-இல் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை சொன்னால், "சொன்னது நல்லதும்மா, உன் மேல தப்பு இல்ல" என்று முதலில் சொல்லுங்கள். பெரிய பெண் என்றால் அடுத்து என்ன செய்வது என்பதை அவளிடமே கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் இன்றே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.