யாருடைய நடுநிலை?



அண்ணல் அம்பேத்கரின் நினைவைப் போற்றும் மேடையில் அவரைப் புகழ்வது எளிது. அவர்மீது பத்திரிகையாளர் ஒருவர் சுமத்திய பழியை எடுத்துப் பேசுவது அதைவிடத் தேவை என்று நினைக்கிறோம். அந்தப் பழி இன்றும் கைப்பேசிகளில் புதுச் செய்திபோலச் சுற்றுகிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருந்து கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வந்து நம்மிடம் பதில் கேட்கிறார்கள்.

அந்தப் பத்திரிகையாளர் அருண் ஷோரி. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னர் பல நாளிதழ்களில் பத்தி எழுதியவர். அவருடைய பணியில் மதிக்கத்தக்கவையும் உண்டு. பீகாரில் பாகல்பூர் காவல்துறையினர் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை 1980இல் வெளிவந்தபோது, அதை நாடறியச் செய்த நாளிதழ் எக்ஸ்பிரஸ். அதன் பொறுப்பில் அன்று அவர் இருந்தார். ஆகவே அவரை எழுதத் தெரியாதவர் என்றோ துணிவில்லாதவர் என்றோ நாம் தள்ளிவிட முடியாது. அவருடைய தராசு எப்போது சாய்கிறது என்பதே நம் கேள்வி.

1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அரசு மண்டல் பரிந்துரைப்படி பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீட்டை அறிவித்தது. அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் ஷோரி முன்வரிசையில் நின்றார். தகுதி கெடும், நிர்வாகம் குலையும் என்பது வாதம். அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு 69 விழுக்காடாக இருந்தது. இங்கே மருத்துவமனைகள் மூடப்படவில்லை; பாலங்கள் இடிந்து விழவில்லை. தரவுகளைக் கேட்டு வாங்கும் பத்திரிகையாளர் கண்ணுக்குத் தமிழ்நாடு ஏன் தெரியவில்லை?

1997இல் அம்பேத்கரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. அம்பேத்கரைப் பொய்த் தெய்வம் என்று சொல்லும் தலைப்பு. அதன் முதன்மையான குற்றச்சாட்டுகள் இரண்டு. 1942இல் காங்கிரசார் சிறையில் இருந்தபோது அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் பதவி வகித்தார் என்பது ஒன்று. அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் அவர் என்பது கட்டுக்கதை என்பது இன்னொன்று.

முதலாவதைப் பார்ப்போம். பதவி வகித்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. அந்தப் பதவியில் அவர் என்ன செய்தார்? அவர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில்தான், 1946ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் வழியாகத் தொழிற்சாலை வேலை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் வழி பிறந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வரும் எவருக்கும் அந்த ஆறு மணி நேரத்தின் மதிப்பை நாம் விளக்க வேண்டியதில்லை.

பதவி ஏற்றதே குற்றம் என்றால், அந்த அளவுகோல் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். 1937 முதல் 1939 வரை காங்கிரஸ் அமைச்சர்கள் ஆங்கிலேய ஆளுநர்களின் கீழ்தான் மாகாணங்களை ஆண்டார்கள். 1946 செப்டம்பரில் நேரு அதே வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் துணைத் தலைவரானார். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தபோது வங்காள மாகாணத்தின் நிதியமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி. பின்னாளில் ஜனசங்கத்தை நிறுவியவர் அவரே. அந்த ஜனசங்கத்தின் வழிவந்த பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் ஷோரி 1998இல் மாநிலங்களவைக்குப் போனார். வாஜ்பாய் அரசில் அமைச்சரும் ஆனார். அம்பேத்கரை மட்டும் பொய்த் தெய்வம் என்று தேர்ந்தெடுத்துத் தலைப்பிட்டதை நடுநிலை என்று எப்படி ஏற்பது?

இரண்டாவது குற்றச்சாட்டு. 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேசினார். அவர் அம்பேத்கரின் கட்சிக்காரர் அல்லர். வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், இன்னொருவர் வேறு அரசுப் பணியில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லிக்குத் தொலைவில் இருந்தார்கள். கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று அவர் எடுத்துச் சொன்னார். 1949 நவம்பர் 25 அன்று பேசிய அம்பேத்கரோ, பெருமையைத் தனக்கே எடுத்துக்கொள்ளவில்லை. பி.என். ராவுக்கும் எஸ்.என். முகர்ஜிக்கும் அதில் பங்குண்டு என்று அதே அவையில் பதிவு செய்தார். பிறர் பங்கை மறைக்காமல் சொன்னவரையே, பிறர் உழைப்பைத் தனதாக்கிக்கொண்டவர்போலக் காட்டுவது என்ன நியாயம்?

ஷோரி பின்னாளில் மோடி அரசைக் கடுமையாக விமர்சித்தார். அதனால் அவர் கட்சிச் சார்பற்றவர் என்று சொல்வார்கள். சொல்லட்டும். கட்சிச் சார்பு காலத்தோடு மாறும். எந்தத் தெருவிலிருந்து உலகைப் பார்க்கிறோம் என்பது அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. 2006இல் ஒதுக்கீட்டை எதிர்த்து அவர் இன்னொரு நூலும் எழுதினார்.

இது ஒருவரோடு முடிகிற சங்கதியும் அல்ல. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலில் ஒரு தலித்தைத் தேடினார். அவருக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 2019இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்டரி அமைப்புகள் 121 தலைமைப் பொறுப்புகளை ஆராய்ந்தன. 106இல் உயர்சாதியினர், தலித்தோ பழங்குடியினரோ எவரும் இல்லை. இன்று ஒரு பெரிய நாளிதழ்க் குழுமத்தின் அலுவலகம் நம் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே இருக்கிறது. அச்சு இயந்திரம் நம் ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தலையங்கம் எழுதும் மேசை இன்னும் நம் பக்கத்தில் வரவில்லை.

அந்த நூலைத் தடை செய்யவோ கொளுத்தவோ நாம் கேட்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னையும், 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்'கையும் தொடங்கினார்கள். தங்களுக்கு இடம் தராத பத்திரிகைகளுக்கு அவர்கள் தந்த பதில் பத்திரிகைதான்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் அச்சில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாட்களின் உரைகளையாவது முழுமையாகப் படிக்கக் கொடுப்போம். அடுத்த பத்தியை அவர்கள் எழுதட்டும்.

ஜெய்பீம்.