சீசன் வீட்டில் இரவில் யார் இருக்கிறார்?



ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கத் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன். முதலில் லாட்ஜுகள் நிறையும், அடுத்து காட்டேஜ்கள் நிறையும், அதற்கும் மேல் வருகிற கூட்டம் வீடு தேடிப் போகும். இலஞ்சி, மேலகரம், ஐந்தருவிச் சாலை, ஆயிரப்பேரிப் பக்கம் என்று எங்கும் நாள் வாடகைக்கு வீடுகள் திறக்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் சபரிமலை போகிற ஐயப்ப பக்தர்கள் வரும்போது இதுவே இரண்டாவது சுற்றாக நடக்கும். வாசலில் தொங்கும் அட்டையையும் தரகரின் கைப்பேசி எண்ணையும் நம்பி நடந்த இந்த வாடகை இப்போது செயலிகள் வழியாகவும் நடக்கிறது. இந்த வீடுகளுக்கு என்ன விதி இருக்கிறது, என்ன விதி இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை எத்தனை, வரி எவ்வளவு என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். விருந்தினர் தங்கும் இரவில், அந்த வீட்டுக்குப் பொறுப்பேற்கிற, இந்த ஊரின் தண்ணீரை அறிந்த ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும். அதை முதல் விதியாக வைத்தால் மற்ற விதிகளுக்கு உயிர் வரும். அது இல்லாவிட்டால் எத்தனை சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினாலும் பயனில்லை.

சொந்த வீட்டை யாருக்கு விட்டால் என்ன, இதற்கெல்லாம் சட்டம் உண்டா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். உண்டு, அதுவும் பழைய சட்டம். 1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஓட்டல், சத்திரம் மட்டுமல்லாமல், வந்து போகிறவர்களைக் காசு வாங்கிக்கொண்டு படுக்க வைக்கிற எந்த இடத்தையும், சாப்பாடு போட்டாலும் போடாவிட்டாலும், அது தங்கும் விடுதி என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்கிறது. செயலி என்பதை யாரும் கனவிலும் நினைக்காத காலத்தில் எழுதப்பட்ட அந்த விளக்கம், இன்றைய சீசன் வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே விதி புதிதாக வரவேண்டும் என்பதல்ல கேள்வி. இருக்கிற விதியை எந்த வீட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்பதே கேள்வி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 1 அறை முதல் 6 அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்கு மிகாமல் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறார்கள். அறைக் கணக்கைவிட அந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மற்றவை சிறு கடமைகள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். செயலி மூலம் அறை விடுகிற வீட்டுக்காரர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவராக இருந்தால் செயலி நிறுவனமே வரியைக் கட்டும். இவற்றைப் பற்றிப் பெரிதாகச் சண்டை ஒன்றும் இல்லை.

ஆள் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் குற்றாலத்துத் தண்ணீர். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலை உச்சிப் பக்கம் தேனருவி. அங்கே விழுகிற தண்ணீர் காட்டுக்குள் ஓடிவந்து செண்பகாதேவி அருவியாக இறங்கி, அதன் பிறகே பேரருவிக்கு வருகிறது. பேரருவியிலும் நேராகக் கீழே விழுவதில்லை. பாறை நடுவே பொங்குமாங்கடல் என்கிற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பிறகுதான் குளிப்பவர் தலையில் இறங்குகிறது. அந்தப் பள்ளம் இருப்பதால்தான் அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற தண்ணீரில் நாம் நின்று குளிக்க முடிகிறது. ஆனால் மலைமேல் கனமழை பெய்தால் பொங்குமாங்கடல் தாங்காது. தண்ணீரின் நிறம் மாறும், சருகும் குச்சியும் வரும், பிறகு கல்லும் வரும். பேரருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னால், இனி யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று பொருள். கீழே சாரல்கூட இல்லாமல் வெயிலடிக்கும் நேரத்திலும் மேலே வெள்ளம் கிளம்பியிருக்கலாம். இதை அறிந்தவர் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் கரையேறுவார். அறியாதவர் தண்ணீர் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

2024 மே 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சீசன் தொடங்கும் முன்பே, கோடை மழையில், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் இறங்கியது. 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது அருவிக்கரையில் நடந்தது, அங்கே காவல் போடுவது அரசின் வேலை, வாடகை வீட்டுக்காரருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய அருவிகளில் போலீஸ் நிற்கிறார்கள், தடை போடுகிறார்கள். ஆனால் தோப்புக்குள் வீடு எடுத்துத் தங்குகிறவர் அருவிக்கு மட்டும் போவதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய்க்கும், தோப்பு ஓரத்து ஓடைக்கும், பெயரில்லாத தடுப்பணைக்கும் போகிறார். அங்கே போலீசும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ‘மலை கறுத்துக் கிடக்கிறது, இன்று ஓடைப் பக்கம் போகாதீர்கள்’ என்று சொல்ல அங்கே இருக்கக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டுக்காரர்தான்.

தண்ணீரால் விருந்தினருக்கு வரும் ஆபத்து ஒரு பக்கம். விருந்தினரால் தண்ணீருக்கு வரும் ஆபத்து இன்னொரு பக்கம். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய செப்டிக் டேங்க், ஒரு வேன் நிறைய வந்தவர்களை இரண்டு நாள் தாங்காது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி நிற்பதால் டேங்கிலிருந்து வெளியேறுவதை மண்ணும் உறிஞ்சாது. அது வாய்க்காலில் கலக்கும், வாய்க்கால் சிற்றாற்றில் சேரும். சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு, வழியெங்கும் வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. குற்றாலத்தில் ஒருவர் செப்டிக் டேங்கை நிரம்பி வழிய விட்டால் அதை அனுபவிப்பவர்கள் அவருக்கு முகம் தெரியாத கீழ்மடைக்காரர்கள். வீட்டிலேயே குடியிருக்கிறவருக்கு அந்த நாற்றம் முதலில் அவர் மூக்குக்குத்தான் வரும், டேங்க் லாரியைக் கூப்பிட்டுவிடுவார். வேறு ஊரில் இருந்துகொண்டு கைப்பேசியில் வாடகை வாங்குகிறவருக்கு அது தெரிவதே இல்லை.

இதில் பேராசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையான நீரோட்டத்தையே திருப்பி, தங்கள் விருந்தினருக்கென்று செயற்கை அருவி உண்டாக்கிக்கொண்ட தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 நவம்பரில் உத்தரவிட்டது. அந்த வழக்கில் அடிபட்ட மாவட்டங்களில் தென்காசியும் ஒன்று. நீலகிரியில், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை யானை மேல் எறிந்தார்கள், யானை இறந்தது. விடுதிக்கு உரிமம் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் பேச்சானது, பூட்டி சீல் வைத்தார்கள். ஓர் உயிர் போன பிறகு உரிமத்தைத் தேடுகிற வழக்கம் நம் மாவட்டத்துக்கு வரக்கூடாது.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். வருடத்தில் மூன்று மாதம் வருகிற இந்த வாடகையை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம், எங்களை லாட்ஜ் முதலாளிகளோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பது முதல் எதிர்ப்பு. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வீட்டிலேயே இருக்கிறவரையும் இல்லாதவரையும் பிரிக்கச் சொல்கிறேன். மாடியில் குடியிருந்துகொண்டு கீழே இரண்டு அறை விடுகிற குடும்பத்திடம் ஒரு பக்க விண்ணப்பம், செப்டிக் டேங்க் ஆய்வு, வருகைப் பதிவேடு இவை போதும். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அன்றே உரிமம் கொடுத்துவிடலாம். யாரும் குடியிருக்காத முழு வீட்டையும் பங்களாவையும் நாள் வாடகைக்கு விடுகிறவருக்குத்தான் கட்டட உறுதிச் சான்று, தீத்தடுப்பு, ஆள்கணக்கு வரம்பு எல்லாம் கண்டிப்பாகக் கேட்கப்பட வேண்டும். அவரும் தொழிலை விட வேண்டியதில்லை. ஊர்க்காரர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, இரவில் அங்கே தங்கச் செய்து, அவர் பெயரையும் எண்ணையும் உரிமத்தில் எழுதினால் போதும். சீசன் பணத்தில் ஒரு பங்கு உள்ளூரில் ஒரு குடும்பத்துக்கும் போகும்.

சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு கட்டிப் போட்டவர்கள், எங்கள் சொத்துரிமையில் கை வைப்பதா என்பார்கள். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தும் விதியைப் பாருங்கள். 30 நாளுக்குக் குறைவாக வீடு விட்டால் வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. அங்கே காரணம், உள்ளூர்வாசிக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதது. இங்கே காரணம் தண்ணீர். அவ்வளவு இறுக்கம் நமக்குத் தேவையில்லை. உறவினரும் நண்பரும் வந்து தங்குவதை யாரும் கேட்கப்போவதும் இல்லை. காசு வாங்கி அந்நியரைத் தங்க வைக்கிற நாளிலிருந்து அது தொழில். தொழிலுக்குப் பொறுப்பாளர் கேட்பது உரிமையைப் பறிப்பதாகாது.

யார் போய்ச் சோதிப்பது என்பதுதான் எனக்கும் கடினமாகத் தோன்றும் எதிர்ப்பு. குற்றாலம், இலஞ்சி, மேலகரம் ஆகியவை பேரூராட்சிகள். ஆயிரப்பேரியும் காசிமேஜர்புரமும் ஊராட்சிகள். தென்காசி நகராட்சி. பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் ஒரு சட்டம், ஊராட்சிக்கு வேறு சட்டம். சாலையின் இந்தப் பக்கம் கண்டிப்பாக இருந்தால் வாடகை அந்தப் பக்கம் போய்விடும். சீசன் நெரிசலில் குப்பை அள்ளவே ஆள் போதாத பேரூராட்சி, வீடு வீடாக ஏறி இறங்குவது நடக்காது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது இதற்கு உதவும். மாவட்ட ஆட்சியர் அளவில் இந்த உள்ளாட்சிகளுக்கெல்லாம் ஒரே படிவம், ஒரே பட்டியல் வைக்கலாம். உரிம எண்ணை வாசலிலும் செயலியிலும் எழுதவேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டால் பாதிச் சோதனையை விருந்தினரே செய்துவிடுவார். ஆனி வரும் வரை காத்திருக்காமல் மாசி, பங்குனியிலேயே விண்ணப்பம் வாங்கி முடிப்பது நல்லது. மழை தொடங்கிய பிறகு செப்டிக் டேங்கைத் திறந்து பார்ப்பது யாருக்கும் முடியாத காரியம்.

நேரம் நெருங்குகிறது. இந்தச் சீசனுக்கு வீடு எடுக்கப் போகும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். உரிம எண் என்ன? இரவில் வீட்டில் யார் இருப்பார்? சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தால், குழந்தைகளோடு வருகிற நீங்கள் வேறு வீடு பாருங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினாலே அடுத்த சீசனுக்குள் பல வீடுகளில் பொறுப்பாளர் வந்துவிடுவார் என்று உறுதியாக நம்புகிறேன்.