எனி டவுட்ஸ்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "பாஸ்டு அவுட் இன் 2010" என்று அறிமுகம் செய்துகொண்டோம். வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டிருந்தால், இத்தனை பேரும் ஒரே வருடத்தில் எதற்கு மயங்கி விழுந்தார்கள் என்று பயந்திருப்பார்!

நான் சோமனூர்க்காரன். வீட்டில் கூலித்தறி. பன்னிரண்டாவது வரை தமிழ் வழிப் படிப்பு. முதல் செமஸ்டரில் ஆசிரியர் "எனி டவுட்ஸ்?" என்று கேட்கும்போது, நெஞ்சு முட்ட சந்தேகம் இருக்கும். இங்கிலீஷில் கேட்கத் தெரியாமல் தலையைக் குனிந்துகொள்வேன். பலன், இரண்டு அரியர்.

லீவில் வீட்டுக்குப் போனபோது, காடா துணிக்கு இங்கிலீஷில் 'கிரே' என்று பெயர் என்று எங்கய்யனிடம் பெருமையாகச் சொன்னேன். "ஏஞ்சாமி, வெள்ளையா இருக்கற துணிய எதுக்குச் சாம்பக் கலருங்கறே?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன். அங்கே 'கிரே' என்றால் நிறம் அல்ல. சலவையோ சாயமோ போடாத துணி என்று பொருள். 'கவுன்ட்'டும் அப்படித்தான். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ, அதுதான் கவுன்ட். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். அதனால்தான் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. எங்கய்யனுக்கு இது விரல் நுனியிலேயே தெரியும். அவருக்குத் தெரியாதது இங்கிலீஷ்தான், விஷயம் அல்ல.

இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் தடுமாறியதுண்டு. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது, இரு தரப்பும் ஒன்றையே விரும்பியும், இந்தச் சொல்லால் நெடுநேரம் வாதாடியதை சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். 2015-இல், நான் வேலை செய்த கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் உதிரி பாகத்துக்கான டிராயிங் அனுப்பியிருந்தார். அளவு ஒன்று எனக்குப் புரியவில்லை. "உங்கள் டிராயிங்கில் எனக்குச் சில டவுட்ஸ் இருக்கின்றன" என்று இங்கிலீஷில் மெயில் அனுப்பினேன். நமக்கு 'டவுட்' என்றால் விளக்கம் கேட்பது. அவருக்கோ, 'உன் டிராயிங் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று அர்த்தம். பத்து நாள் பதிலே இல்லை. பாதி ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. எங்கள் மேனேஜர் போனில் பேசிச் சமாதானம் செய்த பிறகுதான் மீதியாவது தங்கியது. 'கொஸ்டின்' என்று ஒரு வார்த்தை மாற்றி எழுதியிருந்தால் போதும்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன். வகுப்பில் கேட்காமல் விட்ட டவுட்டால் போனது இரண்டு பேப்பர். தப்பாகக் கேட்ட டவுட்டால் போனது பாதி ஆர்டர். ஆனால் அந்த அளவு என்னவென்று கடைசியில் தெரிந்துகொண்டோம். கேட்காமலே பாகத்தைச் செய்திருந்தால் முழு சரக்கும் திரும்பி வந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, இங்கிலீஷுக்குக் கூச்சப்படாதீங்க. அது நம்மிடமிருந்தே கட்டுமரத்தையும் சுருட்டையும் வாங்கிக்கொண்ட மொழி. நாம் புழங்கும் 'ப்ரீபோன்' இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கிறது. ஒரு வார்த்தை எதிராளிக்கு என்ன அர்த்தம் தரும் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்து எழுதுங்க. தெரியாவிட்டால் தமிழிலாவது கேளுங்க. நம் ஆசிரியர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இத்துடன் முடித்துக்கொள்கிறேன். எனி டவுட்ஸ்?