எருக்கிலையில் தொடங்கும் சிறகு

 

இன்றைய கவிதைகளில் வண்ணத்துப்பூச்சி அடிக்கடி பறக்கிறது. அதன் புழுவோ அரிதாகவே ஊர்கிறது. படம் பிடிப்போரும் அவ்வாறே. பூவுக்குப் பூ துரத்திக் களைத்து, மங்கிய படங்களோடு திரும்புவர். பூச்சியின் பிறப்பை அறிந்தவர் துரத்துவதில்லை. அது பிறக்கும் செடியருகே காத்திருப்பார்.

அச்செடியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற தமிழ் மறவன் மலைக்காடுகளுக்கு உரியது. விருத்தாசலம் போன்ற வெயில் நிலத்துக்கு உரியது வெந்தய வரியன். தரிசில் தானே முளைக்கும் எருக்கே அதன் தொட்டில்.

தாய்ப்பூச்சி எருக்கிலையில் முட்டைகளைத் தனித்தனியே இடும். சில நாட்களில் வெளிவரும் புழு, இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து வளரும். எருக்கம்பாலின் நஞ்சு உடலில் தங்குவதால் பறவைக்கு அது கசக்கும். சிறகு முளைத்த பின்னும் அக்கசப்பே காவல். நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண்பூச்சி, இதன் வண்ணத்தைப் பூண்டே உயிர் தப்புகிறது.

வளர்ந்த புழு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். பொற்புள்ளி பதித்த அக்கூட்டினுள் பழைய உடலின் பெரும்பகுதி கரைந்து புதிய உறுப்புகள் உருவாகின்றன. பீங்கான் ஊரார்க்கு இந்தக் காத்திருப்பு புதிதன்று. வேகும் சூளையை இடையில் திறந்தால் கலம் விரிசல் காணும். கூட்டைப் பிரித்தாலோ பூச்சியே இல்லை.

கூடு தெளிந்து உள்ளே சிறகின் வண்ணம் தெரியுமாயின் பூச்சி வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. வெளிவந்ததும் ஈரச் சிறகு உலரும்வரை அது அசையாது தொங்கும். படத்திற்கு அதுவே நல்வேளை. நிழல் விழாமல் நின்று, கேமராவைச் சிறகுக்கு நேராகப் பிடித்தால் போதும், கை படலாகாது. புழுவையும் கடித்த இலையையும் முன்பே எடுத்து வைத்தவரிடம் ஒரு படமன்று, ஒரு வரலாறே இருக்கும்.

எருக்கம்பூவையும் கடவுள் வேண்டாவென்று ஒதுக்குவதில்லை என்பது புறநானூற்று 106-ஆம் பாடலில் கபிலர் காட்டும் நெறி. ஊரோ மனைப்பிரிவென்றும் தூய்மையென்றும் எருக்கை வேரோடு களைகிறது. பூந்தோட்டம் எத்துணை அமைத்தாலும் அது சிறகுக்குத் தேன்தான் தரும். பிள்ளைக்குச் சோறு இலையன்றோ?

பத்தாண்டு கண்ட வட்டத்தார் சிறகைப் பாடுக. பொத்தல் விழுந்த இலையையும் பாடுக. பாடுமுன் புறக்கடையில் ஓர் எருக்கஞ்செடியை வெட்டாது விடுக.