படித்தலும் பொருளுணர்தலும்



வானம் பார்த்த இந்நிலத்தில் மழை பெய்தால் மட்டும் போதாது. பெய்த நீரைக் கண்மாய் தாங்க வேண்டும். கல்வியும் அத்தகையதே. எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை பொருள் கூற இயலாது விழித்தால், அது கரை உடைந்த கண்மாயே.

பெருந்தொற்றால் பள்ளிகள் ஏறத்தாழ 18 திங்கள் மூடிக் கிடந்தபின், 2021-இல் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிற்று. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர், சிற்றூர்ப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரின் தமிழறிவையும் கணக்கறிவையும் ஆய்ந்தனர். பள்ளி திறந்த ஆறு திங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடே அத்திட்டத்தின் பயன் என்றனர். ஒப்பிட்டுப் பாராதிருந்தால் முழுப் பெருமையும் திட்டத்திற்கே சென்றிருக்கும்!

பொருளுணர்த்தும் முறையொன்றை அமெரிக்க அறிஞர் பலின்சாரும் பிரவுனும் 1984-இல் ஆய்ந்து வெளியிட்டனர். வருவதை முன்னுணர்தல், வினாத் தொடுத்தல், ஐயந்தெளிதல், சுருக்கிக் கூறல் ஆகிய நான்கையும் ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார். பின்னர்ப் பிள்ளைகளே மாறிமாறி ஆசிரியராவர்.

இவ்வூரிலும் இதனை ஆய்ந்து பார்க்கலாம். நிகரான இரு குழுக்களில் ஒன்றற்கு வழக்கம்போலவும், மற்றதற்கு இம்முறையிலும் சில கிழமைகள் கற்பியுங்கள். பின்னர், மடையும் கலுங்கும் பற்றி எவரும் படித்திராத பக்கமொன்றைத் தந்து, இரு குழுவினரிடமும் ஒரே வினாக்களைக் கேளுங்கள். பயன் தெரிந்தால் அனைவர்க்கும் அதனை வழங்குங்கள்.

தமிழைப் புகழ்ந்து பேசுதல் எளிது. தமிழில் எழுதியதைத் தமிழ்ப் பிள்ளை உணர்ந்து படிக்கச் செய்தலே தமிழ்த்தொண்டு.