நெருப்புக் குதிரை ஆண்டு



இன்று சீனத்துப் புத்தாண்டைப் பற்றிப் பேசுகிறேன்.

சீனாவில் புத்தாண்டு அமாவாசைக் கணக்கில் வரும். நம் ஆங்கிலக் காலண்டரில் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ விழும். ஊர் விட்டு ஊர் போய் வேலை செய்பவர்கள் எல்லாம் அதற்கு வீடு திரும்புவார்கள். ரயிலில் நிற்க இடம் இருக்காது.

புத்தாண்டுக்கு முன்பே வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். புத்தாண்டு அன்று துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். தொட்டால் வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடுமாம். (அன்று ஒரு நாள் பெண்களுக்கு ஓய்வு. எனக்குப் பிடித்த வழக்கம் இதுதான்.) வாசலில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள். பெரியவர்கள் சிறுவர்களுக்குச் சிவப்பு உறையில் பணம் தருவார்கள். சாப்பாட்டில் மீன் உண்டு. அவர்கள் மொழியில் மீன் என்ற சொல்லும் மிச்சம் என்ற சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். மீன் இருந்தால் வீட்டில் மிச்சம் இருக்கும் என்பது நம்பிக்கை.

அவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு விலங்கின் ஆண்டு. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. மொத்தம் 12. டிராகன் என்பது கதையில் வரும் பெரிய பறக்கும் பாம்பு. இவ்வளவு பெரிய மாடு இருக்க, எலி எப்படி முதலில் வந்தது? பந்தயத்தில் மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு வந்து, கடைசியில் முன்னால் குதித்துவிட்டதாம்.

இதோடு மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணீர் என்று ஐந்தையும் சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டு நிற்கும். இப்படிச் சுற்றினால், ஒரே ஜோடி மறுபடி வர 60 ஆண்டு ஆகும்.

இந்தக் கணக்கு ஜப்பானுக்கும் போனது. ஜப்பான்காரர்கள் 1873 முதல் ஜனவரி 1ஆம் தேதியே புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். ஆனால் விலங்குகளை விடவில்லை.

நெருப்பும் குதிரையும் சேர்ந்த ஆண்டில் பெண் பிறந்தால் கோபக்காரி, புருஷனுக்கு ஆகாதவள் என்று அங்கே ஒரு பேச்சு. எங்கோ கேட்டது போல இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஓஷிச்சி என்று ஒரு காய்கறிக் கடைக்காரர் மகள். காதலனைப் பார்க்கும் ஆசையில் 1683இல் தீ வைத்தாள். அவளைக் கொன்றுவிட்டார்கள். அவள் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்று கதை கட்டினார்கள். நாடகம் போட்டார்கள். பழி ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. 1906இல் பிறந்த பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டமாயிற்று. மகள் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிந்தவர்களும் உண்டு.

அடுத்து 1966 வந்தது. அப்போது ஜப்பானில் ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது. வேகமான ரயில் ஓடியது. எல்லோரும் படித்தவர்கள். பயப்பட மாட்டார்கள் என்றுதானே நினைப்போம்?

1965இல் பிறந்த குழந்தைகள் சுமார் 18 லட்சத்து 23 ஆயிரம். 1966இல் சுமார் 13 லட்சத்து 60 ஆயிரம். ஒரே ஆண்டில் நாலரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கருத்தடை செய்துகொண்டார்கள். கருவைக் கலைத்தவர்களும் உண்டு. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அன்று பார்க்க முடியாது. அதனால் பெண்ணுக்குப் பயந்து ஆண் பிள்ளையும் வேண்டாம் என்றார்கள். மறு ஆண்டு 1967இல் 19 லட்சத்து 35 ஆயிரம் குழந்தைகள் பிறந்தார்கள்.

அப்படியும் 1966இல் லட்சக்கணக்கில் பெண்கள் பிறந்தார்கள். பள்ளியில் அவர்கள் வகுப்பில் கூட்டம் குறைவு. படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

டிராகன் ஆண்டு இதற்கு நேர் எதிர். அது அதிர்ஷ்டம் என்று தைவானிலும் சிங்கப்பூரிலும் அதிகம் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கப் போட்டி. இது என்ன அதிர்ஷ்டமோ!

2026உம் நெருப்புக் குதிரை ஆண்டுதான்.

நான் 2002ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தவள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானும் குதிரைதான்! ஆனால் தண்ணீர்க் குதிரை. என் அம்மாவிடம் சொன்னேன். "உன் கோபத்துக்குக் குதிரை எதற்கு?" என்று சிரித்தார்.

இப்போது சிலேட்டை எடுங்கள். நீங்கள் பிறந்த ஆண்டை எழுதுங்கள். 2020 எலி ஆண்டு. அதிலிருந்து 12, 12ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள். யார் முதலில் சொல்கிறீர்கள், பார்க்கலாம்.